குங்குமம் ஒட்டிய எலும்பு

எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், எலும்பாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று என் கணவர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டில் பொறுக்கி வந்த எதையோ என் கண் முன்னாலேயே நாக்கில் வைத்தும் காட்டினார். "இந்த வாயோட சோத்துக்கு வந்து உக்காராதீக, சொல்லிட்டேன்" என்றேன். அவர் நாக்கை நீட்டியபடியே சிரித்தார். அந்தச் சாமான் விழாமல் நாக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு மதுரை காளவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப்போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பழைய கம்பிக்கு வார்னிஷ் அடித்துப் புதுசு என்று தள்ளிவிடுகிறவர்கள் அந்த ரோட்டிலேயே உண்டு. அவர்களை இவர் திட்டுகிற திட்டை எழுத முடியாது. பிறந்தது உசிலம்பட்டிக்கு அங்கிட்டு, மழையை நம்பி விதைக்கிற ஓர் ஊர். அங்கே ஏர் ஓட்டினால் பானை ஓடு மேலே வரும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையை அடைத்துவிட்டு, ஊரில் விவசாயம் பார்க்கும் தம்பியின் காட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஒரு பை ஓட்டோடு ஆனையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, மொட்டை மாடிப் படியில் என்று எங்கே பார்த்தாலும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஓடுதான். "இதெல்லாம் யார் வீட்டுச் சொத்து?" என்று கேட்டால், "எங்க அய்யாவோட அய்யாவுக்கும் முந்துன சொத்து. பொறாமப்படாத" என்பார்.

நான் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. கொள்ளி வைக்க ஏன் தம்பி வந்தார் என்பது புரிய வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

அவர் சிறுவயதில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். குலசாமிக்குக் கிடா வெட்டுகிற குடும்பம்தான், ஆனாலும் ஹாஸ்டலில் பைபிள் வகுப்புக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். சுவரில் தொங்கிய படத்தில் யோர்தான் ஆறு எங்கே, மோவாப் தேசம் எங்கே என்று குச்சியால் தொட்டுக் காட்டத் தெரியாதவனுக்கு முட்டியில் அடி விழுமாம். அடி வாங்கிப் படித்த பாடம் மறக்கவில்லை. வயதான பிறகு செல்போன் கைக்கு வந்ததும் அந்தப் பெயர்களைத்தான் முதலில் தேடினார். அந்த மோவாப் தேசம் இப்போது ஜோர்டானில் இருக்கிறது என்றும், அங்கே ஒரு மேட்டைக் கோடைதோறும் தோண்டுகிறார்கள் என்றும், தன்னார்வலர்களாக யார் வேண்டுமானாலும் போகலாம் என்றும் கண்டுபிடித்தார். படிப்பு கேட்கவில்லை. குனிந்து உட்கார முழங்கால் ஒத்துழைத்தால் போதும் என்று போட்டிருந்தது.

"அங்க உள்ளவன் தண்ணி குடிச்ச பானையும் நம்ம காட்டுப் பானையும் எப்பிடி இருக்குன்னு பாக்கணும். அம்புட்டுதான்" என்றார். அம்புட்டுதானுக்கு இம்புட்டு தூரமா என்று நான் கேட்டேன். கேட்டேனே தவிர, இரண்டு பேருக்கும் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். எனக்குத்தானே இங்கிலீஷ் வரும். பாஸ்போர்ட் எடுத்தோம். ஆளுக்கொரு துணித் தொப்பி வாங்கினோம். அவர் அதைக் கடையிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்.

அப்போதெல்லாம் அவர் ஒன்று சொல்வார். பேச்சுக்குப் பேச்சு சொல்வார். "என்னைய மட்டும் எரிச்சுராத. எங்க ஆளுகளுக்கு மண்ணுதான். எரிச்சுப்புட்டா பின்னாடி தோண்டுறவனுக்கு என்ன கெடைக்கும்?" தோண்டுகிறவன் உங்களைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்டால், "ஒருத்தன் பொறுமையா உக்காந்து, பிரஷ்ஷு வச்சு மண்ணத் தட்டி, இவன் யாரா இருப்பான்னு யோசிப்பான்ல. உயிரோட இருக்கையில எவன் நம்மள அப்பிடிப் பாக்குறான்?" என்பார். நான்தான் பார்க்கிறேனே என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. படுக்கையில் இருந்தபடியே, "ரெண்டு பேருக்குல்ல எடம் சொல்லியிருக்கோம். ரெண்டும் வீணாப் போயிரக் கூடாது, நீ போயிட்டு வா" என்றார். எரிக்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார். அந்தத் தடவை சிரிக்கவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உடம்பை ஆனையூர் வீட்டுக்குக் கொண்டு வந்து, சடங்கு முடித்து, வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். உசிலம்பட்டிக்குத்தான் கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அய்யாவும் ஆத்தாவும் அந்த ஊர் மயானத்தில்தான் இருக்கிறார்கள். வேறெங்கே கொண்டுபோவார்கள்? குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்தேன். யாரோ காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பி ஆறுவதற்குள் ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

இவ்வளவு சீக்கிரமா? உசிலம்பட்டிக்குப் போய்வர அரைப் பொழுதாவது ஆகுமே. கொழுந்தனாரை நிமிர்ந்து பார்த்தேன். "தத்தனேரிலயே முடிச்சிட்டோம் மதினி. அண்ணே சிரமமில்லாமப் போயிட்டாரு" என்றார். தத்தனேரியில் எரிப்பார்கள். மதுரையில் இருக்கிற யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "யாரக் கேட்டுச் செஞ்சீக?" என்று நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். துக்கத்தில் பேசுகிறது என்று பெண்கள் என்னை அணைத்துக்கொண்டார்கள். கொழுந்தனார் தலையைக் குனிந்தபடி வாசலுக்குப் போனார். அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் சாம்பலையும் எலும்பையும் ஒரு கலயத்தில் வாங்கி, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் வாசல் வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். இராமேஸ்வரத்துக்குக் கார் சொல்லியிருந்தது. எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய்த் துணியை அவிழ்த்துக் கையை விட்டேன். பட்டப்பகலில்தான் செய்தேன். யாராவது வந்து கேட்டிருந்தால் நல்ல பதிலாகச் சொல்லியிருப்பேன், யாரும் வரவில்லை. கட்டை விரல் அளவுக்கு ஓர் எலும்பு கையில் வந்தது. வெள்ளை வெளேரென்று, வெடித்து வெடித்து இருந்தது. எதில் வைப்பது என்று தேடினேன். கண்ணாடிக்கு முன்னால் என் குங்குமச்சிமிழ் இருந்தது. இனி அதற்கு வேலை இல்லை என்று முந்தின நாள்தான் ஒரு கிழவி எனக்கு ஞாபகப்படுத்தியிருந்தாள். எலும்பை அதில் போட்டு மூடினேன். அளவெடுத்தாற்போல் அடங்கிவிட்டது.

இப்படித்தான் இரண்டு பேரும் ஜோர்டானுக்குப் போனோம். விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி சிமிழைத் திறக்காமலே என்ன என்று கேட்டாள். குங்குமம் என்றேன். பொய்யில்லை.

அந்த மேடு நம் பக்கத்துக் கரட்டுக் குன்றைவிடச் சிறியது. ஒரு புல் கிடையாது. விடியும்போதே வேலையைத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். அறைக்கு அறை கயிறு கட்டிப் பிரித்தது போலச் சதுரச் சதுரமாகக் குழிகள். மண்ணை அள்ள டயர் ரப்பரில் செய்த கூடை. நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பானையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இல்லை, கூடையையாவது பார்த்திருக்கலாம்.

என்னை ஒரு குழியில் சேர்த்தார்கள். அந்தக் குழிக்குப் பொறுப்பு அந்த நாட்டுப் பெண் ஒருத்தி. பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தலையில் முக்காடு, அதற்கு மேல் ஒரு தொப்பி, எந்நேரமும் மூக்கில் மண். என்னைக் 'கால்த்தி' என்று கூப்பிட்டாள். காளவாசல் கடைக்குப் பக்கத்து வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள் அம்மாவின் தங்கையைக் 'காலா' என்பார்கள். அதனால் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் கரண்டியை எப்படிப் பிடிப்பது, மண்ணைக் குத்தாமல் எப்படிச் சுரண்டுவது என்று இங்கிலீஷில் சொல்லிக் காட்டிக் கொடுத்தாள். பாவம், அவளுடைய குழியில்தான் ஒன்றுமே கிடைக்கவில்லை. பக்கத்துக் குழியில் விளக்கு கிடைத்தது, இன்னொன்றில் முத்திரைக் கல் கிடைத்தது. எங்களுக்கு மிதித்து மிதித்து இறுகிய ஒரு தரையும், கூடை கூடையாக உடைந்த ஓடும்தான். மத்தியானம் அந்த ஓடுகளைப் பிரஷ் வைத்துக் கழுவுவோம். வாய், அடி, பிடி உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை ஒரு குவியலில் கொட்டிவிடுவார்கள். அவர் இருந்தால் அந்தக் குவியலுக்காகச் சண்டை போட்டிருப்பார்.

ஒரு நாள் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குழியைப் பார்த்து, "முடிந்தது கால்த்தி. இதற்குக் கீழே போகப் போவதில்லை. மண்ணைப் போட்டு மூடிவிடுவோம்" என்றாள். குரலில் உயிரே இல்லை. ஆனால் நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பந்தல் நிழலுக்குப் போனபோது முழங்கால் வலி என்று குழியிலேயே இருந்துகொண்டேன். மூலையில் நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டினேன். சிமிழைத் திறந்து எலும்பை எடுத்து வைத்தேன். "இந்தாங்க, நீங்க கேட்ட மண்ணு. யாரும் எரிக்க மாட்டாக. இருங்க" என்றேன். மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் அழுத்தினேன். அன்றைக்கு மத்தியானம் ஓடு கழுவும்போது நான் பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துப் பாடினேனாம். அவள் சொல்லித்தான் தெரியும். அவர் போன பிறகு நான் பாடியது அதுதான் முதல் தடவை.

மூடுவதற்கு முன்னால் குழியைப் படம் எடுப்பார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்குப் பெருக்குவோமே, அப்படித் தரை முழுக்கப் பிரஷ்ஷால் பெருக்கி, காலடித் தடம் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் படம். அது எனக்குத் தெரியும். பெருக்கினால் மேல்மண் மட்டும்தானே போகும் என்று இருந்தேன். என் கணவர் சொன்ன இன்னொன்றை மறந்துவிட்டேன். "ஒரு தடவ தோண்டுன மண்ணு தோண்டாத மண்ணோட சேரவே சேராது. நெறம் காட்டிக் குடுத்துரும்" என்பார். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது மூலையில் வட்டமாக ஒரு கறை தெரிந்தது. நான் பார்த்த அதே நொடியில் அவளும் பார்த்துவிட்டாள்.

மண் இளகியிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசையில் அதைக் கவனிக்கவில்லை. மண்டியிட்டாள், கரண்டியின் நுனியால் நாலு தட்டு தட்டினாள். வெள்ளையாக ஒன்று தலைகாட்டியது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, சுற்றியிருந்த மண்ணை இம்மி இம்மியாகத் தள்ளினாள். அவர் ஆசைப்பட்டது போலவே பொறுமையாகத் தள்ளினாள். தன் கையில் இருப்பது யாராக இருக்கும் என்ற யோசனை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று நினைத்தேன். உடனே, இருக்கிறாரே, அவரைத்தானே பார்க்கிறாள் என்றும் நினைத்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"கால்த்தி, எரிந்த எலும்பு! இந்த மேட்டில் இதுவரை எரித்த தடயமே கிடைத்ததில்லை. சிவப்பைப் பாருங்கள். செம்மண் பூசியிருக்கிறார்கள். இது சும்மா விழுந்ததில்லை, சடங்கு செய்து வைத்திருக்கிறார்கள்!" அவள் கண்ணில் தண்ணீர். கோடை முழுக்க ஒன்றும் கிடைக்காமல் ஏளனப் பேச்சுக் கேட்டவள் அவள். அந்தச் சிவப்பு என் குங்குமம். மாதக்கணக்கில் சிமிழுக்குள் கிடந்ததில் எலும்பின் வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கியிருந்தது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? நினைத்ததைச் சொல்கிறேன். அவளுக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். ஒரு பெட்டியில் பஞ்சு வைத்து, எண் போட்டு, மேசை மேல் வெளிச்சத்தில் வைத்து, படித்தவர்கள் எல்லாம் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். காளவாசல் மோட்டார்க்காரரை மோவாப் தேசத்து ராஜாவாகக்கூட ஆக்கிவிடுவார்கள்.

அப்போதுதான் அவள், எலும்புதானா, வெறும் சுண்ணாம்புக் கல்லா என்று உறுதிசெய்துகொள்ள, அதை நாக்குக்குக் கொண்டுபோனாள்.

"ஏய், வேணாம்! வேணாம்டி தாயி! அது எங்க வீட்டுக்காரரு!"

தமிழில்தான் கத்தினேன். அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. தேள் கொட்டிவிட்டதோ என்று பயந்து என்னைப் பார்த்தாள். அந்த இடத்திலும் தப்பித்திருக்கலாம். முழங்கால் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். ஆனால் பழைய கம்பிக்கு வார்னிஷ் அடிக்கிறவனைப் பற்றி அவர் திட்டுகிற குரல் காதிலேயே கேட்டது. இந்த மனுஷனைப் பொய்ச் சரக்காக்கி இங்கே விட்டுவிட்டுப் போனால், ஊரில் அவர் படத்துக்கு எந்த முகத்தோடு விளக்கேற்றுவேன்? இங்கிலீஷில் சொன்னேன். இது என் கணவர், நேற்று நான்தான் வைத்தேன் என்றேன்.

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்தவள் நான்தான். கோபப்படுவாள், துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் எலும்பை மெதுவாகத் தன் கைக்குட்டையில் வைத்தாள். பிறகு அந்தத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலை குனிந்து அரபியில் ஏதோ ஓதினாள். அவர் இறந்தபோது காளவாசல் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையேந்திச் சொன்னதைப் போலவே ஒலித்தது.

"சிவப்பு என்ன?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் மனைவி நெற்றியில் வைப்பது, கணவர் போனால் விட்டுவிடுவது என்று சொன்னேன். காலிச் சிமிழைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படியென்றால் இது சடங்குதான் கால்த்தி. நான் தப்பாகச் சொல்லவில்லை" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

இங்கே விட்டுவிட முடியாது என்றும் சொன்னாள். குழியில் நாளை யார் தோண்டினாலும் அந்த எலும்பு பொய் சொல்லும், அதற்குத் தான் பொறுப்பு என்றாள். எலும்பைச் சிமிழுக்குள் அவளே வைத்து மூடிக் கொடுத்தாள். அன்று மத்தியானமே குழியை மூடிவிட்டார்கள். டயர் கூடையில் மண்ணை அள்ளி நானும் போட்டேன்.

மதுரைக்குத் திரும்பியதும் அந்தச் சிமிழை எங்கே வைத்தாலும் மனம் கொள்ளவில்லை. அவருக்கு மண் வேண்டும். மண்ணில் உரிமை உள்ளவர் உசிலம்பட்டியில் இருக்கிறார், நான் பேசாத மனுஷர். ஒரு வாரம் வீம்பு பிடித்துவிட்டுப் போன் போட்டேன். "மதினி" என்றார். "நாளைக்கு வாரேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஊர் நெருங்கும்போது மயானம் இருந்த பக்கம் திரும்பினேன். மயானம் இல்லை. அகலமான புது ரோடுதான் போய்க்கொண்டிருந்தது.

"எங்க தம்பி, அய்யா ஆத்தாவ வச்ச எடம்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார். "அண்ணே ஆஸ்பத்திரில கெடக்கையில ரோட்ட அகலப்படுத்த ஜேசிபியக் கொண்டாந்துட்டாய்ங்க மதினி. முன்னாடி சொல்லல. தகவல் தெரிஞ்சு ஓடி வாரேன், அதுக்குள்ள அம்புட்டும் கெளறி லாரில ஏத்திக்கிட்டிருக்கான். கால்ல விழுந்து நிப்பாட்டுனேன். எங்காளுக கெடந்த எடத்துல மண்ணுக்குள்ள கைய விட்டுத் துழாவுனேன். கெடச்சத ஒரு சிமிண்டுச் சாக்குல அள்ளுனேன். எது அய்யா, எது ஆத்தான்னு தெரியல மதினி."

ஒரு லாரி எங்களை உரசினாற்போல் போனது. அவர் வண்டியை இன்னும் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

"அண்ணங்கிட்ட எப்பிடிச் சொல்றது? உங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? அதான் தத்தனேரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். எரிச்சிட்டா இனி எவனும் எங்கண்ணனத் தோண்ட முடியாதுல்ல."

தோண்டுகிறவன் வருவான், பார்ப்பான் என்று காத்திருந்தார் அண்ணன். தோண்டுகிறவன் வந்ததைப் பார்த்துவிட்டுத் தம்பி அவரை எரித்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, நானும் இவரைப் பேச விடவில்லை. அவர் தோளில் கை வைத்தேன். பெரிய மனுஷன், ரோட்டோரத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

சாக்கைத் தன் காட்டிலேயே வரப்போரம் புதைத்து வைத்திருந்தார். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். நிலக்கடலை பிடுங்கியிருந்த காடு, காலில் ஓடு குத்தியது. எந்த இடம் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாமல், வேறு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி வேண்டும் என்றேன், அவர் மண்வெட்டியை ஓங்கினார். "ஓங்காதீக தம்பி" என்று தடுத்துவிட்டு, பையிலிருந்து ஜோர்டானில் வைத்துப் பழகிய கரண்டியை எடுத்தேன். முழங்கால் வலிக்க உட்கார்ந்து, குத்தாமல் சுரண்டினேன். அவரும் எதிரே உட்கார்ந்து மண்ணைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். சாக்கின் ஓரம் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டோம். அதற்குப் பக்கத்தில், நல்ல ஆழமாக, இன்னொரு சிறு குழி எடுத்தேன்.

சிமிழைத் திறந்து எலும்பைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். இத்தனை காலம் அது என்னிடம் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரியும். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"செவப்பா ஒட்டியிருக்கே மதினி. கழுவிட்டு வச்சிருவமா?"

"வேணாம் தம்பி, இருக்கட்டும்" என்றேன். "என்னைக்காவது எவனாவது தோண்டுனா, இவருக்கு ஒரு பொண்டாட்டி இருந்தான்னு தெரிஞ்சுக்கிடட்டும்."

அவர் எலும்பைக் குழியில் வைத்தார். இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளி மூடினோம்.